கதை உள்ள பெயர்

அவையோருக்கு வணக்கம். பிள்ளை பிறக்கப்போகும் மகிழ்ச்சியோடு வந்திருக்கும் தம்பதியருக்கும், அவர்களைவிட ஆவலாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் தனி வணக்கம்.

மகனுக்கு யாரும் வைக்காத பெயர் வேண்டும், அது எந்த நாட்டுப் பெயராக இருந்தாலும் சரி என்று பலர் விரும்புகிறீர்கள். அந்த ஆசையை நான் வரவேற்கிறேன். தமிழர்கள் பெயருக்காகக் கடல் தாண்டியவர்கள்தாம். பகுத்தறிவு பேசிய வீடுகளில் சாக்ரடீசும், அமெரிக்கப் பகுத்தறிவாளர் பெயரில் இங்கர்சாலும் வளர்ந்தார்கள். பொதுவுடைமை பேசிய வீடுகளில் லெனின் வளர்ந்தார். 1953 மார்ச்சில் சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்த அதே வாரத்தில் பிறந்த குழந்தை, அந்தப் பெயரோடு வளர்ந்து தமிழ்நாட்டின் முதலமைச்சரானதை அறிவோம். அந்தப் பெற்றோர்களுக்குப் பெயரோடு சேர்த்துச் சொல்ல ஒரு கதை இருந்தது. இன்று அந்தக் கதை காணாமற்போவதுதான் என்னை வருத்துகிறது. எண் கணிதத்துக்காக ஓர் எழுத்தைச் சேர்க்கிறோம், ஓசைக்காக ஒன்றை நீக்குகிறோம், கடைசியில் ‘ஷ்’ என்று முடிக்கிறோம். அபூர்வம் என்று நம்பி வைத்த பெயர்கள் வகுப்பறையில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன.

வேறு பண்பாட்டிலிருந்து பெயரை எடுப்பவர்கள் அதன் வழக்கத்தையும் கேட்டறிய வேண்டும். கானா நாட்டின் அக்கான் மக்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை பிறந்தவன் கோஃபி, சனிக்கிழமை பிறந்தவன் குவாமே. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பிறந்தது வெள்ளிக்கிழமைதான். செவ்வாய்க்கிழமை பிறந்த நம் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தால், நாளை அவனுடன் வேலை பார்க்கும் கானாக்காரர் முதல் கேள்வியிலேயே திகைப்பார். நிகிதா ரஷ்யாவில் ஆண்பெயர். சோவியத் தலைவர் குருஷ்சேவின் பெயர் அதுதான். நம் பள்ளிகளில் அது பெண் பிள்ளையின் பெயர். மிசோரம் மக்களிடம் ஆண்பெயர் ‘ஆ’ ஓசையில் முடிவது வழக்கம். நம் காதோ அதைப் பெண்பெயர் என்று கேட்கும். அரபுப் பெயர்களில் இன்னும் கவனம் தேவை. அப்துல் ரஹ்மான் என்பதை வெட்டி ‘அப்துல்’ என்று மட்டும் நிறுத்தினால், யாருடைய அடியான் என்பது சொல்லப்படாமல் பெயர் பாதியில் நின்றுவிடும். மேல்விஷாரத்திலோ ஆம்பூரிலோ ஒரு முஸ்லிம் பெரியவரைக் கேளுங்கள், பொறுமையாக விளக்குவார்.

இப்படி நேரில் கேட்டறிய வேலூரைப் போல் வசதியான ஊர் எது? 1900இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்து, இன்று வங்காளத்தையும் வடகிழக்கையும் நம் காந்தி ரோட்டுக்கே அழைத்து வந்திருக்கிறது. வங்காளிகள் பிள்ளைக்கு வெளியுலகுக்கு ஒரு பெயரும், வீட்டில் கூப்பிட இன்னொரு பெயரும் வைக்கிறார்கள். பதிவேட்டில் உங்கள் விருப்பம், வீட்டில் பாட்டியின் விருப்பம் என்று குடும்பச் சண்டையே இதில் தீர்ந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தவை எல்லை கடந்த பெயர்கள். நம் ஊர்த் தேவாலயத்தில் யோவான் என்றால் பள்ளிவாசல் தெருவில் யஹ்யா. ரஷ்யாவில் அவரே இவான், ஸ்பெயினில் ஹுவான், அயர்லாந்தில் ஷான். யோசேப்பும் யூசுப்பும் அப்படித்தான், சாலமோனும் சுலைமானும் அப்படித்தான். இரு சமயங்களிலிருந்து வந்து இணைந்த தம்பதியர் இங்கே இருந்தால், இந்தப் பக்கம் தேடுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

உலகமெல்லாம் தேடும் நாம் பழைய வடார்க்காட்டு மண்ணில் தேடுவதில்லையே! செங்கத்தை ஆண்ட நன்னனைச் சங்க நூலான மலைபடுகடாம் பாடுகிறது. எத்தனை எளிய பெயர், இன்று எத்தனை அபூர்வம்! 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடி உயிர்விட்ட சோழ இளவரசன் இராசாதித்தன். அவன் தம்பி அரிஞ்சயன். தன் பாட்டனான அரிஞ்சயனுக்காக இராசராசன் மேல்பாடியில் எழுப்பிய கோயில் இன்றும் நிற்கிறது. அரிஞ்சயன் என்று பெயர் வைத்தால், பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது பஸ் ஏறி அந்தக் கோயிலைக் காட்டிவிட்டு வரலாம். வேறு பண்பாடுதான் வேண்டுமா? வள்ளிமலைக்குப் போங்கள். அங்கே சமணக் குகையில் கங்க மன்னன் இராசமல்லனின் கல்வெட்டு இருக்கிறது. கங்கர்கள் கன்னட நாட்டார்.

எந்தப் பெயரானாலும் மாடியிலிருந்து தெருவுக்குக் கேட்கும்படி மூன்று முறை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். தமிழில் எழுதி, அந்தப் பெயரை அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தந்தை பெயரின் முன்னெழுத்தோடும் தாய் பெயரின் முன்னெழுத்தோடும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

அவசரமும் வேண்டாம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும், ஆனால் அப்போதே பெயர் கட்டாயமில்லை. பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பிறகு தாமதக் கட்டணம் உண்டு. ஆங்கில எழுத்துகளை மட்டும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் பள்ளிச் சான்றிதழில் வேறொன்றுமாக இருந்தால் பாஸ்போர்ட் எடுக்கும்போது பிள்ளைதான் அலைவான்.

பெயர்களைத் தாளில் எழுதி வந்திருப்பவர்கள் மேடைக்கு அருகே வாருங்கள். ஒவ்வொன்றாக எல்லோரும் சேர்ந்து கூப்பிட்டுப் பார்ப்போம்.