வசவைப் பெயராக்கிக்கொண்ட இருவர்

நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதனால் முதலில் உங்களுக்கு ஒரு வேலை. ஒன்றிலிருந்து எட்டு வரை சீராக எண்ணுங்கள். 1, 5 வரும்போது காலால் தட்டுங்கள். 4, 7 வரும்போது கை தட்டுங்கள். நிறுத்தாமல் திரும்பத் திரும்ப. சரி, வந்துவிட்டது! இந்தத் தாளத்துக்கு டெம்பௌ என்று பெயர். ஜமைக்காவின் ஷாபா ராங்க்ஸ் 1990களின் தொடக்கத்தில் பாடிய ஒரு பாட்டின் பெயர் அது. ரெகேட்டோன் என்ற ஸ்பானிஷ் நடன இசை முழுவதும் இந்த எட்டு எண்ணிக்கையின் மேல்தான் நிற்கிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது லாஸ் ராக்காஸ் என்ற இருவரைப் பற்றி. ராக்கா ரிச், ராக்கா டன். உறவுக்காரப் பிள்ளைகள். பனாமாவில் வேர், கலிபோர்னியாவின் ஓக்லண்டில் வாழ்க்கை. ஸ்பானிஷில் தொடங்கிய வரியை ஆங்கிலத்தில் முடிப்பார்கள். இரண்டு மொழியில் பாடினால் இரண்டு சந்தையிலும் விற்கலாம் என்ற கணக்கு அது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல, உங்களைப் பனாமாவுக்கு அழைத்துப் போக வேண்டும்.

1904 முதல் 1914 வரை அமெரிக்கர்கள் பனாமா கால்வாயை வெட்டினார்கள். வெட்டினார்கள் என்று எழுதுகிறோமே தவிர, மண்வெட்டியும் வெடிமருந்தும் பிடித்த கைகளில் பெரும்பாலானவை பார்படோஸ், ஜமைக்கா போன்ற தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களுடையவை. வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்கப் பட்டியலில் சம்பளம், இவர்களுக்கு வெள்ளிப் பட்டியலில். குடியிருப்பும் தனி, கடையும் தனி. அவர்கள் பேசியது தீவு ஆங்கிலம். சுற்றிலும் ஸ்பானிஷ். பிள்ளைகள் இரண்டையும் கற்றார்கள்.

அப்புறம் 1941 வந்தது. அந்த ஆண்டுப் பனாமா அரசியலமைப்பு, ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொள்ளாத கறுப்பினக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை என்றது. அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் அவர்கள்! வீட்டில் அம்மா பேசிய மொழியைக் காரணம் காட்டி நாடு கைகழுவியது. 1946இல் புதிய அரசியலமைப்பு வந்து அதை மாற்றியது. ஆனால் ஐந்து ஆண்டு அவமானம் ஒரு சமூகத்தின் நினைவிலிருந்து அவ்வளவு சுலபமாகப் போய்விடுமா?

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஜமைக்காவின் ரெகே இசையை ஸ்பானிஷில் பாடத் தொடங்கியவர்கள் இந்தச் சமூகத்துப் பிள்ளைகள்தான். ஜமைக்கா இசைத்தட்டில் வரும் ஆங்கிலம் அவர்களுக்குத் தாத்தா பாட்டியின் பேச்சு. கேட்டார்கள், ஸ்பானிஷில் திருப்பிப் பாடினார்கள். ரெனாட்டோ, நாண்டோ பூம், எல் ஹெனரால் ஆகியோர் அந்தத் தலைமுறை. வானொலியை நம்பி அவர்கள் காத்திருக்கவில்லை. பனாமா நகரில் 'சிவப்புப் பேய்கள்' என்று பேருந்துகள் ஓடின. அமெரிக்காவின் பழைய பள்ளிப் பேருந்துகளை வாங்கி, உடம்பெல்லாம் ஓவியம் தீட்டி ஓட்டுவார்கள். அதன் ஒலிபெருக்கிகளில்தான் இந்த கேசட்டுகள் ஊரைச் சுற்றின. பிறகு போர்ட்டோ ரிக்கோ இந்த இசையை வளர்த்தது. ரெகேட்டோன் என்ற பெயரில் அது உலகமெங்கும் போனதும் அங்கிருந்துதான். 2004இல் டாடி யாங்கியின் 'கசோலினா' பாட்டு வந்த கதை உங்களுக்கே தெரியும்.

இனி லாஸ் ராக்காஸிடம் வருகிறேன். பனாமாவில் ஏழைப் பேட்டைகளில் வாழ்பவர்களை 'ரக்கடாக்கா' என்று ஏளனமாகச் சொல்வார்கள். பேச்சு, உடை, நடை எல்லாவற்றையும் சேர்த்துத் தாழ்த்தும் சொல். அதைச் சுருக்கித் தங்கள் நெற்றியில் தாங்களே எழுதிக்கொண்டார்கள் இவர்கள். நாங்கள் ராக்காக்கள், ஆமாம், அதற்கென்ன என்பதுபோல. ஒரு வசவை வாங்கிப் பெயராக்கிக்கொள்ள எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! இசையிலும் அப்படித்தான். பனாமாவையும் ஓக்லண்ட் இருக்கும் பே ஏரியா என்ற சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியையும் சேர்த்து 'பனாபே' என்றார்கள். கறாராகப் பார்த்தால் அவர்கள் பாட்டு எல்லாமே ரெகேட்டோன் இல்லை. ஹிப்ஹாப், ஜமைக்காவின் டான்ஸ்ஹால், பனாமாக்காரர்கள் பிளேனா என்று சொல்லும் ரெகே எல்லாம் கலந்தது.

ஓக்லண்டில் வளர்ந்தது அவர்களுக்குப் பெரிய வாய்ப்பு. டூ ஷார்ட் என்ற ராப் பாடகர் 1980களில் தன் கேசட்டுகளைக் கார் டிக்கியில் வைத்துத் தெருத்தெருவாக விற்ற ஊர் அது. பெரிய கம்பெனி வந்து கதவைத் தட்டட்டும் என்று உட்கார்ந்திருக்கிற பழக்கமே அந்த ஊருக்குக் கிடையாது. லாஸ் ராக்காஸும் மிக்ஸ்டேப்புகள், அதாவது தாங்களே வெளியிட்ட பாட்டுத் தொகுப்புகள், வழியாகத்தான் வளர்ந்தார்கள். பனாமாவின் பேருந்துக் கேசட்டும் ஓக்லண்டின் கார் டிக்கியும் ஒரே புத்தியின் இரண்டு உருவங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர்களைப் பரவலாகக் கொண்டுபோனது 'அப்ராஸாமே'. என்னைக் கட்டிக்கொள் என்று பொருள். 2010இல் ஜமைக்காவின் ஜிப்டியன் பாடிய 'ஹோல்ட் யூ' பாட்டின் இசைமேல் இவர்கள் குரலை வைத்து அப்ரூட் ஆண்டி என்ற டிஜே செய்த ரீமிக்ஸ் அது. கவனியுங்கள், ஜமைக்கா இசை, பனாமா ஸ்பானிஷ். எல் ஹெனரால் காலத்தில் நடந்த அதே காரியம் இன்னொரு கடற்கரையில் மறுபடி நடக்கிறது.

2014இல் யுனிவர்சல் மியூசிக் லத்தீனோ வழியாக இரட்டை ஆல்பம் வெளியிட்டார்கள். அதில் ஆளுக்கு ஒரு பாதி. சுயேச்சையாக இருந்தவர்கள் பெரிய கம்பெனிக்குப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. பெயரை மாற்றச் சொல்லாமல், மொழியைப் பிரிக்கச் சொல்லாமல் கதவு திறந்தது என்பதே எனக்குப் பெரிது. 2017 கிராமியில் 'லாஸ் ராக்காஸ்' என்ற ஆல்பம் லத்தீன் ராக், அர்பன், ஆல்டர்நேட்டிவ் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. விருது போர்ட்டோ ரிக்கோவின் பாடகி ஈலேவுக்குப் போனது. ஆனால் அன்று பரிந்துரைப் பட்டியலை வாசித்தவர்கள் அந்தப் பேட்டைச் சொல்லையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

பேச்சு போதும். 'அப்ராஸாமே' பாட்டைப் போடுகிறேன். 4இலும் 7இலும் கை, மறந்துவிடாதீர்கள்.