ஆரமே அளவுகோலானால்

நேயர்களுக்கு வணக்கம். முழுச் சுற்றுக்கு 360 பாகை என்று பழகிய மாணவர்களிடம், மேல்நிலை வகுப்பில் திடீரென்று ரேடியனில் அளக்கச் சொல்கிறோம். 57 பாகை 18 கலைக்குச் (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சற்றுக் குறைவான ஓர் அளவு எதற்காக அலகாயிற்று என்று அவர்கள் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

வீட்டில் உள்ள வட்டத் தட்டு ஒன்றின் மையத்திலிருந்து விளிம்பு வரை நூலைப் பிடித்து, அந்த நீளத்துக்கு நறுக்குங்கள். அதே நூலை விளிம்பின் மேல் வளைத்து வைத்தால், அது மையத்தில் அடக்கும் கோணமே ஒரு ரேடியன். விளிம்பு முழுவதையும் சுற்றிவர ஆறு நூலும், கால் நூலுக்குச் சற்று மேலும் தேவைப்படும். தட்டு சிறிதானாலும் பெரிதானாலும் இதில் மாற்றமில்லை. வில் என்னும் விளிம்புத் துண்டை ஆரத்தாலேயே அளக்கிறோம், அவ்வளவுதான்.

ரேடியன் என்ற சொல், பெல்ஃபாஸ்டில் ஜேம்ஸ் தாம்சன் தயாரித்த தேர்வுத்தாளில் 1873-இல் அச்சேறியது. கருத்தோ மிகப் பழையது. கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் தந்த சைன் அட்டவணையில் வட்டத்தின் சுற்றளவு 21,600 கலை. ஆரமும் அதே கலையில் 3438. வளைந்ததற்கும் நேரானதற்கும் ஒரே அலகு! இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. அட்டவணையின் முதல் கோணம் 3 பாகை 45 கலை, அதாவது 225 கலை. அதற்குரிய சைனாகிய அரைநாணும், அதாவது வில்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனையின் ஆரத்துக்கு இறக்கும் செங்குத்துக் கோடும், 225. இன்று கணித்தால் 224.86 வருகிறது. கோணம் சிறிதானால் வில்லும் அரைநாணும் ஏறத்தாழ ஒன்றே என்ற உண்மை அந்த எண்ணிலேயே தெரிகிறது. பாகையில் எழுதியிருந்தால் அது கண்ணுக்குப் படாது.

மாலுமிகளின் கணக்கும் இதுவே. பூமியை இரு சமபாதியாக்கும் பெருவட்டத்தில் ஒரு கலைக்குரிய வில் ஒரு கடல் மைல், இன்றைய வரையறைப்படி 1852 மீட்டர். ஆகவே பூமியின் ஆரம் ஏறக்குறைய 3438 கடல் மைல். ஆரியபட்டரின் அதே எண். பெருக்கிப் பாருங்கள், 6367 கிலோமீட்டர் வரும்.

வட்ட இயக்கத்தை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், கடிகாரம் விடவில்லை. கோண வேகத்தை ரேடியனில் எடுத்து ஆரத்தால் பெருக்கினால் விளிம்பின் வேகம் கிடைக்கும். பூமி மணிக்கு 15 பாகை, அதாவது 900 கலை சுழல்வதால், கலைக்கு ஒரு கடல் மைலாக, நிலநடுக்கோட்டில் நிற்பவர் மணிக்குச் சுமார் 900 கடல் மைல் நகர்கிறார். ஏறத்தாழ 13 பாகை வடக்கே உள்ள சென்னையில், அச்சிலிருந்து தொலைவு குறைவதால், அது 877 அளவில் நிற்கும். நன்றி, வணக்கம்.