சாணத்தின் மேல் ஏறிக் கால் ஆற்றும் வண்டு

(காட்சி: தென்னாப்பிரிக்காவின் ஹ்லுலுவே-இம்ஃபொலோசி வனவிலங்குப் பூங்காவின் தார்ச்சாலை, நடுவே யானைச் சாணம்.)

வணக்கம், பிள்ளைகளே. டர்பனிலிருந்து இந்தப் பூங்காவுக்குப் போனவர்கள், சாலையில் யானைச் சாணத்தைக் கண்டதும் அப்பா காரை ஒதுக்கி ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். டயர் அழுக்காகிவிடும் என்பது மட்டும் காரணம் அல்ல; அந்தக் குவியலுக்குள் சாணவண்டுகள் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கலாம். ஆடோ யானைப் பூங்காவில், சாணவண்டுகளுக்கு வழிவிடச் சொல்லி அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள்.

யானை தின்னும் தழையில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியே வந்துவிடுவதால், அதன் சாணத்தில் சத்து நிறையவே மிஞ்சியிருக்கிறது. வண்டு தனக்கொரு பங்கைப் பிய்த்து உருண்டையாக்கி, முன்னங்கால்களைத் தரையில் ஊன்றி, பின்னங்கால்களால் அதைத் தள்ளியபடி பின்நோக்கி விரைகிறது. கொஞ்சம் தாமதித்தாலும் வேறொரு வண்டு வந்து பறித்துக்கொள்ளும்.

(அண்மைக் காட்சி: வண்டு உருண்டையின் உச்சியில் நின்று, முன்னங்கால்களால் முகத்தைத் துடைக்கிறது.)

நண்பகலில் மணல் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும்போது, வண்டு அடிக்கடி உருண்டையின் மேல் ஏறி நிற்கிறது. சாணத்தின் ஈரம் ஆவியாகும்போது உருண்டை குளிர்வதால், அங்கே அதன் கால் சூடு ஆறுகிறது. முகத்தைத் துடைப்பதும் அழகுக்காக அல்ல. வயிற்றிலிருந்து கக்கிய நீரைக் காலிலும் தலையிலும் பூசிக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2012-இல் வெளிவந்த ஆய்வுக்காக, தென்னாப்பிரிக்காவில் சில வண்டுகளின் முன்னங்கால்களுக்குச் சிலிகோனால் குட்டிக் காலணி போட்டுப் பார்த்தார்கள். சுடாத கால்களோடு நடந்த அவை, உருண்டையின் மேல் ஏறுவதைக் குறைத்துக்கொண்டன.

இரவில் உருட்டும் வண்டுகள் பால்வழி மண்டலத்தின் ஒளிப்பட்டையைப் பார்த்து நேர்கோட்டில் செல்கின்றன என்பது 2013-இல் தெரியவந்தது. வானம் தெரியாதபடி அட்டைத் தொப்பி மாட்டியதும், அவற்றின் பாதை வளைந்து நெளிந்து போயிற்று. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு அதே ஆண்டில் இதற்குக் கிடைத்தது, பொருத்தமான பரிசுதான்.

(காட்சி: தாய் யானையின் பின்னால் குட்டி.)

இப்போது முகம் சுளிக்காமல் கேளுங்கள். யானைக்குட்டி தன் தாயின் சாணத்தைத் தின்னும். தழையைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் பிறக்கும்போது குட்டியின் குடலில் போதிய அளவு இல்லாததால், அவற்றைத் தாயின் சாணத்திலிருந்து பெற்றுக்கொள்கிறது. தயிருக்கு உறை ஊற்றுவதைப் போன்ற ஏற்பாடு இது.

நம் செயின்ட் லூசியா கழிமுகத்தின் நீர்யானையோ வாலை விசிறிபோல் ஆட்டிச் சாணத்தை வாரியிறைத்து, இது தன் எல்லை என்று அறிவிக்கிறது. படகில் போகிறவர்கள் தள்ளியே இருப்பது நல்லது.

(காட்சி: மராபு நாரை, வெள்ளைக் கால்கள்.)

இந்த நாரையின் கால்கள் உண்மையில் கருமை நிறம். வெயிலில் தன் கால்கள்மேலேயே எச்சமிட்டு, அந்த ஈரம் காயும்போது உடற்சூட்டைத் தணித்துக்கொள்வதால், அவை சுண்ணாம்பு அடித்தவையாகத் தெரிகின்றன. அழுகிய இறைச்சிக்குள் தலையை விடும்போது இரத்தம் ஒட்டிக்கொள்ளாதபடி, தலையிலும் கழுத்திலும் இறகு மிகக் குறைவு.

(காட்சி: மரப்பொந்து, கொண்டலாத்திக் குஞ்சுகள்.)

நம் வீட்டுப் புல்தரையில் கொண்டையை விரித்து நடக்கும் கொண்டலாத்தியைப் பார்த்தால், அதன் கூடு எவ்வளவு நாறும் என்று நம்பவே முடியாது. பொந்துக்குள் எட்டிப் பார்க்கும் எதிரியின்மேல் குஞ்சுகள் குறிபார்த்து எச்சத்தைப் பீய்ச்சுகின்றன. தாயின் வாலடிச் சுரப்பியிலிருந்து அழுகிய இறைச்சியின் வாடை கொண்ட எண்ணெய் வருகிறது. குஞ்சுகளுக்கும் அந்த எண்ணெய் உண்டு. அதில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் கெட்ட கிருமிகளைத் தடுப்பதால், தாய் அதை முட்டைகளின்மேலும் பூசி வைக்கிறது. குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறக்கும் காலம் நெருங்கும்போது அந்த எண்ணெய் சுரப்பது நின்றுவிடுகிறது.