முப்பத்து நான்குக்கு முப்பத்திரண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேசப்போவது ஒரே ஒரு ஆட்டத்தைப் பற்றி. அதுவும் கல்லூரி மாணவர்கள் ஆடிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. நடந்தது 2007 செப்டம்பர் 1, சனிக்கிழமை மதியம். இடம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஆன் ஆர்பர் நகரம். தோற்றது மிச்சிகன் பல்கலைக்கழகம். வென்றது அப்பலாச்சியன் ஸ்டேட் பல்கலைக்கழகம். பெயரைக் கேட்டதும் "அது யார்?" என்று உங்களுக்குத் தோன்றினால் கவலை வேண்டாம், அன்று காலை வரை அமெரிக்காவிலேயே பலர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தோற்றவர்களிடமிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் மிச்சிகன் பரம்பரைப் பணக்காரக் குடும்பம். அந்த ஆட்டத்தில் அவர்களைவிட அதிக வெற்றி பெற்ற கல்லூரி வேறு இல்லை. 1927-இல் கட்டிய அவர்களுடைய ஸ்டேடியத்தை எல்லோரும் 'பெரிய வீடு' என்றே அழைப்பார்கள். அன்று அங்கே கூடியிருந்தவர்கள் 1,09,218 பேர். நாட்டின் ஐந்தாவது சிறந்த அணி என்ற தரவரிசையோடு இறங்கியிருந்தார்கள். அணியின் தடுப்பாட்டக்காரர் ஜேக் லாங், அடுத்த ஆண்டு தொழில்முறைக் குழுக்கள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டவர்.

எதிரே வந்தவர்களின் ஊர் பூன். வட கரோலினாவின் நீலமலைத் தொடரில், 3,300 அடி உயரத்தில் இருக்கும் சிற்றூர். 1899-இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாக வளர்ந்து, பிறகு பல்கலைக்கழகமானது அவர்களுடைய நிறுவனம். அப்போது அவர்கள் ஆடியதும் ஒரு படி கீழே உள்ள பிரிவில். அன்றைய விதிப்படி மேல் பிரிவுக் கல்லூரி 85 வீரர்களுக்கு உதவித்தொகை தரலாம், கீழ்ப் பிரிவில் 63 பேருக்குத்தான். ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் பலர் அடிபட்டு உட்காரும் விளையாட்டு இது. அப்படி உட்கார்ந்தவர்களின் இடத்தில் இறக்க ஆள் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அந்த 22 பேர் வித்தியாசம்.

பிறகு ஏன் இவர்களை அழைத்தார்கள்? பணம். பெரிய கல்லூரிகள் பருவத் தொடக்கத்தில் சின்னக் கல்லூரி ஒன்றுக்குக் காசு கொடுத்துத் தங்கள் ஊருக்கு வரவழைப்பது அங்கே வழக்கம். பெரியவருக்குச் சொந்த மண்ணில் ஒரு சுலபமான வெற்றியும் டிக்கெட் வசூலும் கிடைக்கும். சின்னவருக்கு ஆண்டுச் செலவில் பெரும்பகுதியை ஈடுகட்டும் காசோலை கிடைக்கும். 2006 முதல் மேல் பிரிவுக் கல்லூரி ஒவ்வொன்றும் வழக்கமாக 12 ஆட்டம் ஆடலாம் என்று விதி வந்த பிறகு இந்த வியாபாரம் இன்னும் சூடுபிடித்தது. அன்று அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்குப் பேசிய தொகை 4 லட்சம் டாலர். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லையே தவிர, தோற்பதற்கான கூலி அது.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பந்தோடு எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. அதற்குமேல் ஒரு கொசுறு உண்டு. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1 புள்ளி, இது கிட்டத்தட்ட நிச்சயம். உதைக்காமல் இன்னொரு தடவை ஓடியோ எறிந்தோ எல்லையைத் தாண்டினால் 2 புள்ளி, இது கடினம். எல்லை வரை போக முடியாவிட்டால் தூரத்திலிருந்தே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம், அது ஃபீல்டு கோல். இந்த ஒன்று, இரண்டு, மூன்றை மறந்துவிடாதீர்கள். மிச்சிகன் ரசிகர்கள் இன்றுவரை மறக்கவில்லை.

மிச்சிகன் முதல் வாய்ப்பிலேயே டச் டவுன் போட்டது. எல்லாம் எதிர்பார்த்தபடி. அடுத்த சில நிமிடங்களில் டெக்ஸ்டர் ஜாக்சன் என்ற அப்பலாச்சியன் வீரர் பந்தை வாங்கி, மொத்தம் 68 கெஜம் போய்ச் சேர்ந்தார். பின்னால் துரத்தியவர்கள் துரத்திக்கொண்டே இருந்தார்கள். அரங்கில் இருந்தவர்களுக்கு முதல் சந்தேகம் வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது தற்செயலான ஓட்டமாக இல்லை. சின்னக் கல்லூரிப் பையன் பெரிய கல்லூரிப் பையனைவிட வேகமாக ஓடினான், அவ்வளவுதான். இடைவேளையில் 28–17. முன்னணியில் இருந்தது அப்பலாச்சியன்.

இந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேறொன்றைச் சொல்ல வேண்டும். இந்த வெற்றியைப் பற்றி எழுதியவர்களும் பேசியவர்களும் அதிசயம், அற்புதம் என்றே சொல்கிறார்கள். நம் ஊரில் என்றால் யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி முடித்துவிடுவோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. யானை சறுக்கியது என்றால் கதை யானையைப் பற்றியதாகிவிடுகிறது. பூன் ஊர் ரசிகர்களின் வழக்கே வேறு. எங்கள் அணி 2005-லும் 2006-லும் தன் பிரிவில் தேசிய சாம்பியன், ஜெயிக்கவே பழகிய அணி, அது உங்களுக்குத் தெரியாதது எங்கள் குற்றமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி.

அந்த அணி ஆடிய முறையையும் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் ஜெர்ரி மூர் பழைய காலத்து ஆள். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, தான் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டார். வீரர்களை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்துவது, எதிரணியின் கனத்த உடம்புக்காரர்களை வெட்டவெளியில் ஓட வைப்பது என்ற முறை அது. அதைப் படிக்க அவருடைய உதவியாளர்கள் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கே பயிற்சியாளராக இருந்த ரிச் ராட்ரிகஸின் அணியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த முறைக்கு அச்சாணி குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்று நொடியில் முடிவெடுப்பவர். பூனுக்கு அப்படிக் கிடைத்தவர் அர்மான்டி எட்வர்ட்ஸ், தென் கரோலினாவின் கிரீன்வுட் ஊர்க்காரர். அன்று அவர் எறிந்த 23-இல் 17 கைக்குப் போய்ச் சேர்ந்தன, மூன்று டச் டவுன். தானே ஓடி இன்னொன்று. மிச்சிகனின் பெரிய உடம்புகளுக்கு அவரைக் கண்ணால் பார்க்க முடிந்தது, கையால் பிடிக்க முடியவில்லை.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். இரண்டாம் பாதியில் மிச்சிகன் விழித்துக்கொண்டது. நடுவில் அடிபட்டு வெளியே உட்கார்ந்திருந்த மைக் ஹார்ட், பந்தோடு ஓடுவதே வேலையான அவர்களுடைய வீரர், திரும்பி வந்தார். அன்று அவர் மட்டும் 188 கெஜம் ஓடினார், மூன்று டச் டவுன். தோற்ற பக்கத்தில் ஆடியதால் அந்த ஆட்டத்தை யாரும் கொண்டாடுவதில்லை, பாவம். அவருடைய கடைசி டச் டவுன் 54 கெஜ ஓட்டம். ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கையில் மிச்சிகன் 32–31 என்று முந்தியது.

இப்போது அந்தக் கொசுறுக் கணக்கு. மிச்சிகன் இரண்டாம் பாதியில் போட்ட இரண்டு டச் டவுனுக்கும் சுலபமான 1 புள்ளியை விட்டுவிட்டுக் கடினமான 2 புள்ளிக்கு முயன்றது. இரண்டும் கிடைக்கவில்லை. இரண்டு தடவையும் பேசாமல் உதைத்திருந்தால் அவர்கள் கணக்கில் 34 இருந்திருக்கும். அப்போதைய நிலைமைக்கு அந்த முடிவுகள் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தோற்ற ரசிகனிடம் நியாயம் எடுபடுமா? பூன்காரர் கடைசி நிமிடத்தை நினைவில் வைத்திருக்கிறார். மிச்சிகன்காரருக்கோ முழு ஆட்டமும் நினைவிருக்கிறது, எங்கெங்கே திருத்தியிருக்கலாம் என்று குறித்துவைத்த விடைத்தாள்போல.

அதற்குப் பிறகும் மிச்சிகனுக்கு வாய்ப்பு இருந்தது. எட்வர்ட்ஸ் எறிந்த பந்து ஒன்றை அவர்கள் பறித்தார்கள். ஃபீல்டு கோல் ஒன்று போட்டால் ஆட்டம் கைக்குள். உதைத்தார்கள், அப்பலாச்சியன் தடுத்தது. மணியில் மீதி ஒன்றரை நிமிடம்தான். ஆட்டத்தை நிறுத்தி மூச்சு வாங்கும் உரிமையான டைம் அவுட் அப்பலாச்சியனிடம் ஒன்றுகூட இல்லை. எட்வர்ட்ஸ் அந்த நிலையில் அணியை 69 கெஜம் நடத்திக்கொண்டு போனார். இதற்கும் பிறகு ஆட்டத்தின் கடைசியில் நடந்த இன்னொரு தடுப்பைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு நிமிடச் சொச்சம்தான் அன்றைய ஆட்டம். லட்சம் பேர் ஒரே குரலில் கத்திக் காதை அடைக்கிறார்கள். அதற்கு நடுவே இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் அவசரமே காட்டாமல் பந்தை எறிகிறான், ஓடுகிறான், மறுபடி எறிகிறான். மூர் காத்திருக்கவில்லை. எல்லைக்கு அருகே போனதும் பந்தை உதைப்பவரான ஜூலியன் ரவுச்சை அனுப்பினார். 24 கெஜ உதை. 34–32. மீதி 26 விநாடி.

26 விநாடி மிச்சிகன் போன்ற அணிக்கு நிறையவே. அவர்களின் குவாட்டர்பேக் சாட் ஹென்னி எறிந்த 46 கெஜப் பந்தை மரியோ மானிங்ஹாம் பிடித்தார். மீதி 6 விநாடி. 37 கெஜத்தில் இன்னொரு ஃபீல்டு கோல். போட்டால் மிச்சிகன் ஒரு புள்ளியில் பிழைக்கும். பந்தை உதைத்த கணத்தில் அப்பலாச்சியனின் கோரி லிஞ்ச் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து தடுத்தார். தடுத்ததோடு விடாமல், துள்ளிய பந்தை அள்ளிக்கொண்டு ஓடவும் செய்தார். எல்லைக்கு 18 கெஜம் முன்னால் அவரைப் பிடித்து விழுத்தினார்கள். அதற்குள் மணி பூஜ்ஜியம்.

வானொலியில் பேசுகிறேன் என்பதற்காகச் சொல்லவில்லை, இதை அன்று நேரலையில் கண்ணால் கண்டவர்கள் குறைவு. ஒளிபரப்பிய பிக் டென் நெட்வொர்க் தொடங்கி இரண்டே நாள் ஆகியிருந்தது. பல கேபிள் நிறுவனங்கள் அந்தச் சேனலை எடுத்திருக்கவில்லை. டிஷ் வைத்திருந்தவர்களால் பார்க்க முடிந்தது, மற்றவர்களுக்கு ரேடியோ வர்ணனைதான் கதி. ஆனால் இன்று கேட்டால் எல்லோரும் "நான் பார்த்தேன்" என்பார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கடைசிக் காட்சியை அத்தனை தடவை பார்த்தவர்களுக்கு எது நேரலை, எது மறு ஒளிபரப்பு என்பது கலந்துபோயிருக்கும்.

பூனில் அன்று மாலை நடந்தது வேடிக்கை. ஆட்டம் நடந்த ஊருக்கும் பூனுக்கும் இடையே பல நூறு மைல். மாணவர்கள் தங்கள் சொந்த, ஆளில்லாத மைதானத்துக்குள் புகுந்து கோல் கம்பத்தைப் பிடுங்கினார்கள். பிடுங்கியதைத் தோளில் சுமந்துபோய்ப் பல்கலைக்கழகத் தலைவர் கென்னத் பீகாக் வீட்டு முற்றத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். இன்னொரு கூட்டமும் அன்று கொண்டாடியது. மிச்சிகனின் ஜென்மப் பகையான ஒஹாயோ ஸ்டேட் ரசிகர்கள், அதுவரை வரைபடத்தில் தேடிப் பார்த்திராத ஒரு கல்லூரியின் சட்டைகளை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் பத்திரிகைகளுக்கு ஒரு சங்கடம். தேசியத் தரவரிசைக்காக வாக்கெடுப்பு நடத்தும் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ், அப்போது கீழ்ப் பிரிவு அணிகளை வாக்குக்கே எடுத்துக்கொள்வதில்லை. ஐந்தாம் இடத்தில் இருந்தவரை வீட்டுக்கே போய் அடித்தவருக்குப் பட்டியலில் இடமே கிடையாது. ஆட்டம் முடிந்த சில நாளில் அந்த விதியை மாற்றினார்கள்.

இனி நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் ஒரெகான் மிச்சிகனை 39–7 என்று அடித்தது. ஆனால் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் புளோரிடாவை 41–35 என்று வென்று, பயிற்சியாளர் லாய்ட் காரைத் தோளில் தூக்கி ஓய்வுக்கு அனுப்பிவைத்தார்கள். அவர் இடத்துக்கு மிச்சிகன் கூட்டிவந்தது யாரை? மேற்கு வர்ஜீனியாவின் அதே ரிச் ராட்ரிகஸை. தங்களை வீழ்த்திய பாடத்தை அதன் ஆசிரியரிடமே படிக்க நினைத்தார்கள்போலும். அங்கே அது பலிக்கவில்லை. முதல் ஆண்டு மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. மூன்று ஆண்டில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

பூன் அணி மிச்சிகனை வென்ற மூன்று வாரத்தில் வோஃபர்டு என்ற சின்னக் கல்லூரியிடம் தோற்றது. அடுத்த மாதம் ஜார்ஜியா சதர்னிடமும். அதிசயம் என்றவர்கள் அப்போது தலையாட்டியிருப்பார்கள். டிசம்பரில் டெலவேரை 49–21 என்று முடித்து மூன்றாம் முறையாகத் தொடர்ந்து சாம்பியன் ஆனார்கள். அதற்கு முன் அந்தப் பிரிவில் யாரும் தொடர்ந்து மூன்று வென்றதில்லை.

2014-இல் மிச்சிகன் அவர்களை மறுபடி ஆன் ஆர்பருக்கு அழைத்தது. பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று சொந்த ரசிகர்களே முணுமுணுத்த ஆட்டம். அப்பலாச்சியன் அப்போதுதான் மேல் பிரிவுக்கு ஏறியிருந்தது. 52–14, மிச்சிகனுக்கு. அந்த எண்களை யாராவது நினைவில் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

காசு கொடுத்து அழைக்கும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. 2022 செப்டம்பரில், தரவரிசையில் ஆறாம் இடத்தில் இருந்த டெக்சாஸ் ஏ அண்ட் எம் பூன் அணியைத் தன் ஊருக்கு வரவழைத்தது. இந்தத் தடவை காசோலை 15 லட்சம் டாலர். அப்பலாச்சியன் ஸ்டேட் 17, டெக்சாஸ் ஏ அண்ட் எம் 14.

நன்றி, வணக்கம்.