வடியாத நீரும் வற்றிப்போகும் உதவியும்

அவைத்தலைவர் அவர்களே, நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியப் பெருமக்களே, மாணவ மாணவியரே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

‘பேரிடரும் மனிதநேயமும்’ என்ற தலைப்பில் பேச அழைத்தீர்கள். அவ்வளவு அகன்ற தலைப்பில் நல்ல சொற்களைப் பேசிக்கொண்டே போகலாம். நீங்கள் எடுத்துச் செல்ல எதுவும் மிஞ்சாது. ஆகவே ஒரே ஒரு வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறேன். 2022ஆம் ஆண்டு பாகிஸ்தானை, அதிலும் தென்கோடியில் உள்ள சிந்து மாகாணத்தைச் சூழ்ந்த வெள்ளம் அது. பகை நாட்டின் துயரத்தை ஏன் எடுத்தீர்கள் என்று யாரேனும் கேட்கலாம். நிவாரணம் என்றால் என்ன என்பதை அந்த வெள்ளத்தைப் போலத் தெளிவாகக் காட்டிய நிகழ்வை அண்மைக் காலத்தில் நான் அறியவில்லை என்பதே என் பதில்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தொடங்கிய மழை ஆகஸ்ட் முடியும்வரை விடவில்லை. ஆகஸ்டில் மட்டும் சிந்துவில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மழை கொட்டியது. நாடு முழுவதும் 3.3 கோடி மக்கள் பாதிக்கப்பட்டார்கள். 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறத்தாழ 80 லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 20 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இடிந்தோ சிதைந்தோ போயின.

இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2010இலும் பாகிஸ்தானில் பெருவெள்ளம் வந்தது. அது வடக்கு மலைகளிலிருந்து ஆற்றின் வழியாக இறங்கி வந்த வெள்ளம். 2022இல் சிந்துவில் நிகழ்ந்தது வேறு. ஆறு கரை உடைத்ததைவிட, வானத்திலிருந்து வயலின் மேலேயே நேராக விழுந்த நீரும், மேற்கே கீர்த்தர் மலைத்தொடரிலிருந்து ஓடி வந்த நீரும்தான் நாட்டை மூழ்கடித்தன. காவிரிக்குக் கடைமடை என்று நாம் சொல்வதைப்போலச் சிந்து நதிக்குச் சிந்து மாகாணமே கடைமடை. நூற்றாண்டுகளாக வண்டல் படிந்து ஆறு உயர்ந்து கிடக்கிறது. இரு புறமும் கரைகள் ஓங்கி நிற்கின்றன. கால்வாய்களும் சாலைகளும் இருப்புப்பாதைகளும் குறுக்கும் நெடுக்குமாக மேடு கட்டிச் செல்கின்றன. வயலில் விழுந்த நீர் ஆற்றுக்குள் ஏற முடியாது; கடலுக்கும் எளிதில் போக முடியாது. அது நின்றது. வாரக்கணக்கில் நின்றது, சில ஊர்களில் மாதக்கணக்கில் நின்றது.

அப்படி நின்ற நீரை எந்தப் பக்கம் அனுப்புவது என்று யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டியிருந்தது. நாட்டின் மிகப்பெரிய நன்னீர் ஏரியான மன்சர் நிரம்பித் தளும்பியபோது, சேவான் முதலிய நகரங்களைக் காப்பதற்காகச் செப்டம்பர் தொடக்கத்தில் அதன் கரையை அதிகாரிகளே வெட்டிவிட்டார்கள். அந்த நீர் சுற்றியிருந்த சிற்றூர்களுக்குள் பாய்ந்தது. இதனால் ஒரு லட்சம் பேர்வரை இடம்பெயர நேரும் என்று அன்றைக்கே கணக்கிடப்பட்டது. நகரத்தைக் காத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவரைக் காக்க மற்றொருவரின் ஊருக்குள் நீரைத் திருப்பினால், அந்த மற்றொருவருக்குக் கொடுப்பது தானமாகாது, கடனைத் தீர்ப்பதாகும் என்பதை நிவாரணம் பேசும் எவரும் மறக்கக்கூடாது.

நீர் நிற்கும் ஊரில் நிவாரணத்தின் தன்மையே மாறிவிடுகிறது. படகில் மீட்பது சில நாள் வேலை. அதன்பிறகு, சாலையோரத்திலும் வாய்க்கால் கரையிலும் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, அதன்மேல் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, நான்கு புறமும் தேங்கிய நீரைப் பார்த்தபடி ஒரு குடும்பம் பல மாதம் உயிர் வாழ வேண்டும். உலக மலேரியா அறிக்கையின் மதிப்பீட்டில், 2021இல் பாகிஸ்தானில் சுமார் 5 லட்சமாக இருந்த மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 2022இல் 26 லட்சமாகியது. வெள்ளம் இழுத்துச் சென்றவர்களின் எண்ணிக்கை செய்தியில் வந்தது. தேங்கிய நீரின் கொசு கொண்டுபோனவர்களைப் பற்றி எவ்வளவு வந்தது? இரு நாடுகளுக்கிடையே வணிகம் 2019 முதல் நின்றுபோயிருந்த நிலையிலும், இந்தியாவிலிருந்து 62 லட்சம் கொசுவலைகளை வாங்கப் பாகிஸ்தான் சுகாதார அமைச்சகம் 2022 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. குளோபல் ஃபண்ட் என்ற உலக நிதியம் அதற்குப் பணம் தர முன்வந்தது. பகை நாட்டைப் பற்றிக் கேட்ட நண்பருக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்து, பெண்கள். வெள்ளம் சூழ்ந்த பகுதிகளில் அப்போது சுமார் 6.5 லட்சம் கர்ப்பிணிகள் இருப்பதாகவும், அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர்களில் 73,000 பேருக்குப் பிரசவம் ஆகக்கூடும் என்றும் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் ஆகஸ்ட் இறுதியில் கணக்கிட்டது. நாற்புறமும் நீர் நிற்கும் கரையில் மறைவிடம் கிடையாது. பகல் முழுவதும் ஒதுங்காமல் இருட்டும்வரை காத்திருந்த பெண்களைப் பற்றி அங்கே சென்றவர்கள் எழுதினார்கள். மஹ்வாரி ஜஸ்டிஸ் என்ற பெயரில் உங்களைப் போன்ற மாணவிகள் மாதவிடாய்க்குத் தேவையான பொருள்களைத் திரட்டி அனுப்பியபோது, சோற்றுக்கே வழியில்லாத இடத்தில் இது ஆடம்பரம் என்று சமூக ஊடகங்களில் ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஏளனம் செய்தவர்களில் ஆண்கள் மிகுதி என்று ஊகிக்க எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

என்ன தேவை என்பதைக் கொடுப்பவர் முடிவு செய்வதால் வரும் கோளாறு நமக்கும் புதிதல்ல. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு, நாகப்பட்டினம் கடற்கரைச் சாலைகளில் யாரும் உடுத்த விரும்பாத பழைய துணிகள் குவிந்து கிடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றை ஏற்றி வந்த லாரிக்கும், பிரித்து அடுக்கிய ஆள்களுக்கும், பின்னர் அகற்றியதற்கும் ஆன செலவு துணியின் மதிப்பைவிட மிகுதியாகவே இருந்திருக்கும். கடை திறந்திருக்கும் இடத்தில் பணமாகக் கொடுப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வீட்டுக்கு மருந்து வேண்டும். இன்னொரு வீட்டுக்கு ஆட்டுக்குத் தீவனம் வேண்டும். அதை அறிந்தவர் அந்த வீட்டுக்காரர்தான்.

பாகிஸ்தான் அரசு அதைச் செய்தது. வறிய குடும்பங்களின் பெண்களுக்கு நேரடியாகப் பணம் தரும் பெனசீர் வருவாய் ஆதரவுத் திட்டம் முன்னரே நடைமுறையில் இருந்ததால், அதன் பதிவேட்டையே பயன்படுத்தி, 27 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களுக்குத் தலா 25,000 பாகிஸ்தான் ரூபாயைக் கொடுக்க முடிந்தது. இதில் குறையும் இருந்தது. பணத்தை எடுத்துக்கொடுத்த முகவர்கள் பங்கு கழித்துக்கொண்டதாகப் பல இடங்களில் புகார் எழுந்தது. அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு அந்த வழி திறக்கவில்லை. ஆயினும் நல்ல காலத்தில் எழுதிவைத்த பட்டியல்தான் கெட்ட காலத்தில் கைகொடுத்தது. வெள்ளத்துக்குப் பிறகு உட்கார்ந்து பட்டியல் தயாரித்திருந்தால் குளிர்காலம் வந்திருக்கும்.

சிந்துவில் நிலத்தை உழுபவர் பெரும்பாலும் நிலத்துக்கு உடையவர் அல்லர். ‘ஹாரி’ எனப்படும், விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரச் சாகுபடியாளர், விதைக்கும் உரத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் நிலக்கிழாரிடமே முன்கூட்டிக் கடன் வாங்கி, விளைந்த பின் கழிப்பார். அந்த ஆண்டு பருத்தி செடியிலேயே அழுகியது. கடன் மட்டும் நின்றது. நவம்பர், டிசம்பரில் கோதுமை விதைக்க வேண்டும்; அதற்குள் நிலம் வடிய வேண்டும், விதை கையில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஏப்ரலில் அறுவடை இல்லை. ஆகஸ்டில் பத்து மூட்டை அரிசி கொடுத்த அன்பரை வணங்குகிறேன்; ஆனால் நவம்பரில் ஒரு மூட்டை கோதுமை விதை கொடுத்தவர் அந்தக் குடும்பத்தை மேலும் ஓராண்டுக் கடனிலிருந்து காத்தார்.

வீடு கட்டும் பணியில் சிந்து அரசு எடுத்த முடிவு ஒன்றைப் பாராட்ட வேண்டும். உலக வங்கி முதலியவற்றின் உதவியுடன் 21 லட்சம் வீடுகளைக் கட்டத் திட்டமிட்டபோது, ஒப்பந்தக்காரரிடம் விடாமல், வீட்டுக்கு 3 லட்சம் பாகிஸ்தான் ரூபாய் என்று, வேலை நடக்க நடக்கத் தவணையாக, குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். வீட்டடி மனைக்கான பட்டாவைப் பெண்கள் பெயரில் தரவும் முனைந்தார்கள். தலைமுறைகளாகப் பிறர் மண்ணில் குடியிருந்தவர்களுக்குச் செங்கல்லைவிடப் பட்டாவே பெரிது. பாகிஸ்தானின் முதல் பெண் கட்டடக்கலைஞரான யாஸ்மீன் லாரி மூங்கிலையும் மண்ணையும் சுண்ணாம்பையும் கொண்டு ஊரார் தாங்களே கட்டிக்கொள்ளும் எளிய வீடுகளை உருவாக்கியிருந்தார். அத்தகைய வீடுகள் நின்ற போனோ என்ற சிற்றூர் அந்த மழையைத் தாங்கியது. பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகத்தின் அரச தங்கப் பதக்கம் 2023இல் அவருக்குக் கிடைத்தது.

இனிப் பணக் கணக்கு. ஐ.நா. ஆகஸ்ட் 30 அன்று கேட்ட தொகை 16 கோடி டாலர். அக்டோபர் தொடக்கத்தில் அதை 81.6 கோடி டாலராக உயர்த்த நேர்ந்தது. தேவை ஐந்து மடங்காக ஏறிய அந்த வேளையில்தான் ஒளிப்படக் கருவிகள் வேறு செய்தியைத் தேடிச் சென்றுவிட்டன. மொத்தச் சேதமும் இழப்பும் 3,000 கோடி டாலருக்கு மேல் என மதிப்பிடப்பட்டது. 2023 ஜனவரியில் ஜெனீவாவில் கூடிய நாடுகளும் வங்கிகளும் 900 கோடி டாலருக்கு மேல் தருவதாக உறுதியளித்தன. ஆனால் அதில் மிகப்பெரும் பகுதி கடன். உலகின் பசுங்குடில் வாயுக்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக வெளியிடும் நாடு, வெப்பமேறிய வானம் கொட்டிய மழையால் வீடிழந்து, அந்த வீட்டைக் கட்டக் கடன் வாங்கி, வட்டியும் கட்ட வேண்டும். 2022 நவம்பரில் எகிப்தின் ஷார்ம் அல்-ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், காலநிலை மாற்றத்தால் ஏழை நாடுகளுக்கு நேரும் இழப்பு மற்றும் சேதத்துக்கான தனி நிதியம் ஒன்றுக்கு நாடுகள் இசைந்ததில் இந்த வெள்ளத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஓராண்டு கழித்து துபாய் மாநாட்டில் அதற்குத் தருவதாக உறுதியளிக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 70 கோடி டாலர். சிந்துவின் ஒரு மாவட்டத்துக்குக்கூட அது எத்தனை நாள் வரும் என்று பொருளியல் மாணவர்கள் கணக்கிட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை எந்த நாட்டில் வெள்ளம் வந்தாலும் நீங்கள் உண்டியல் ஏந்துவீர்கள். அதில் எனக்கு ஐயமில்லை. உங்கள் நலப்பணிக் குழுவுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். துணி வாங்காதீர்கள். திரட்டிய பணத்தில் பாதியை, ஏற்கெனவே அந்த மண்ணில் வேலை செய்துவரும், கணக்கை வெளியிடும் அமைப்பு ஒன்றுக்கு முதல் வாரமே அனுப்பிவிடுங்கள். மீதிப் பாதியைக் கல்லூரிக் கணக்கிலேயே வைத்திருங்கள். அந்த ஊரில் அடுத்த விதைப்பு எந்த மாதம் என்று கேட்டறிந்து, அதற்கு ஒரு மாதம் முன்னதாக அதை அனுப்புங்கள். அப்போது தேர்வு நேரமாக இருக்கும். செய்தித்தாளில் அந்த ஊரின் பெயரும் இருக்காது. ஆகையால் அனுப்ப வேண்டிய நாளையும் பொறுப்பாளரின் பெயரையும் வசூலைத் தொடங்கும் அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.