6,000 ரூபாவுக்குள் நத்தார்: மழைக்குத் தாங்கும் நட்சத்திரக் கூடு

எல்லோருக்கும் வணக்கம். வெளியே மழை கொட்டுகிறது, தகரத்தில் விழும் சத்தம் உங்களுக்கும் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மழை விட்ட பிறகு வீடியோ எடுக்கலாம் என்றால் மார்கழியில் திருகோணமலையில் அது நடக்கிற காரியமில்லை.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. டவுனில் ஒரு கடை, பெயர் வேண்டாம். நூறு பல்ப் மின்னி மின்னி செட்டுக்கு ‘40 வீதம் கழிவு’ என்று சிவப்பில் ஒட்டியிருக்கிறார்கள். 1,490 என்பதை வெட்டிவிட்டுக் கீழே 894. சனம் அள்ளிக்கொண்டு போகிறது. அதே பெட்டி, அதே தட்டு, கார்த்திகையில் 850 ரூபா! பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்கு என் நீலக் கொப்பியைத் தெரியும், பெருநாளுக்கு முன்பே விலை குறித்து வைப்பேன். இதோ, கமராவுக்குக் கிட்டப் பிடிக்கிறேன், தெரிகிறதா? 850. ஏற்றிப்போட்டு, பிறகு குறைத்த மாதிரிக் காட்டியிருக்கிறார்கள். 44 ரூபா ஒரு காசா என்று கேட்காதீர்கள். கழிவு என்று நம்பிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிற ஆட்களின் காசு அது. எது வாங்கினாலும் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். முறைப்பாடு இருந்தால் நுகர்வோர் அதிகாரசபையின் இலக்கம் 1977.

நான் அங்கே வாங்கவில்லை. மத்திய வீதியில் நடைபாதையில் விரித்து விற்கிற ஒரு அண்ணாவிடம் 650க்கு எடுத்தேன். அவர் பற்றரி ஒன்று வைத்திருக்கிறார், ‘கொளுவிக் காட்டுங்கோ அண்ணா’ என்றால் முகம் சுளிக்காமல் கடைசி பல்ப் வரைக்கும் எரித்துக் காட்டுவார். எனக்கு அதுதான் கடை. பெட்டியில் 5 வாட் என்று இருக்கிறது. இரவில் ஆறு மணித்தியாலப்படி இருபது நாள் எரித்தாலும் ஒரு யூனிட் வராது. மாதத்தில் 60 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் பில்லின் கணக்கே மாறிவிடும் என்பதால் நான் இதையெல்லாம் பார்ப்பேன்.

சரி, இனி நட்சத்திரம். இதைக் காட்டத்தான் காலையிலிருந்து காத்திருக்கிறேன்.

கடையில் தொங்குகிற டிசு பேப்பர் கூடு 1,250. வடிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாடைக்காற்று கடலிலிருந்து சாரலை நேராக விறாந்தைக்குள் கொண்டுவரும் ஊரில் அது ஒரு இரவுக்குத்தான் காணும். விடிய எழும்பிப் பார்த்தால் வெறும் தடி தொங்கும். அதனால் இந்தமுறை பொலித்தீனில் கட்டினேன். தடிக்குக் காசே இல்லை. வெசாக் முடிந்து பக்கத்து வீட்டு அக்கா எறியப்போன கூட்டை வாங்கி, மூங்கில் சிராய்களைப் பிரித்துப் பரணில் வைத்திருந்தேன்.

இரண்டரை அடிச் சிராய் பத்து வேண்டும். ஐந்தை வைத்து ஒரு நட்சத்திரம், மற்ற ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளி முனை ஐந்தையும் இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே தடிகள் குறுக்கிடுகிற ஐந்து இடத்திலும் ஒரு சாண் குச்சியை நிமிர்த்திக் கொடுத்தால் கூடு வயிறு வைத்துக்கொள்ளும். சிவப்புப் பொலித்தீன் மீற்றர் 90 ரூபா, நான்கு மீற்றர் எடுத்தேன், 360. பசை இதில் ஒட்டாது. விளிம்பைத் தடிக்கு மேலால் மடித்து செலோடேப் போடவேண்டும், டேப் 150. மொத்தம் 510 ரூபா! கட்டி முடித்து வாளித் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்த்தேன். அசையவில்லை. இந்த வருடம் இதைவிடச் சந்தோசம் எனக்கு வேறு வராது.

ஆ, முக்கியமானது விட்டுப்போனது. கீழே நோக்கி நிற்கிற இரண்டு முனைகளிலும் ஊசியால் துளை போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கிப் பாரத்தில் கிழியும். உள்ளே எல்ஈடி பல்ப் மட்டும்தான், குண்டு பல்ப் சூட்டில் பொலித்தீன் உருகிவிடும். வயரை வெளியில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஒட்டில் ஈரம் பட்டால் ட்ரிப் சுவிட்ச் விழும், அதைவிட ஆளுக்கும் ஆபத்து.

மரத்துக்குப் பிளாஸ்டிக் வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். நுனியில் வெள்ளை பூசிப் பனி என்று விற்கிற மரத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது. பனி மாதிரிப் பஞ்சு ஒட்டினாலும் நம் ஊர்க் காற்றில் நாலு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். உவர்மலையில் ஒரு வீட்டில் சவுக்குக் கிளை வெட்டினார்கள், கேட்டவுடன் தந்தார்கள். பெயின்ட் வாளியில் மணல் போட்டு நட்டு, மணலை ஈரமாக வைத்திருக்கிறேன். உப்புவெளிக் கரையில் பொறுக்கிய சிப்பிகளை நூலில் கோர்த்துத் தொங்கவிட்டாயிற்று.

பாலன் குடில் வீட்டுக்குள்தான். டச் பே பக்கத்து ஆட்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை: வெளியில் வைத்தால் பக்கத்துக் கோட்டையில் திரிகிற மான்கள் வந்து குடிலுக்குள் வைக்கிற வைக்கோலையும் நெல்முளையையும் தின்றுவிட்டுப் போகும். வைக்கோல் இப்போது கிடைப்பதும் கஷ்டம். பெரும்போகம் இன்னும் பச்சையாக நிற்கிறது, இருப்பது சிறுபோகத்து மிச்சம்தான். தம்பலகாமத்து மாமா ஒரு கட்டுக் கொடுத்துவிட்டார். குடிலின் மலைக்குச் சீமெந்துப் பை. நன்றாகத் தட்டி உதறி, கசக்கி, கறுப்பும் பச்சையும் தெளித்தால் கல் மாதிரியே நிற்கும்.

உடுப்பு இந்த முறை சின்னவனுக்கு மட்டும், அதைக் காட்ட ஒன்றும் இல்லை.

6,000இல் மிச்சக் காசு முழுக்கக் கேக்குக்கு. ரவை, முட்டை, பூசணி அல்வா எல்லாம் சமாளிக்கலாம், கஜுதான் கையைக் கடிக்கிறது. உடைந்த கஜு முழுக் கஜுவைவிட மலிவு. எப்படியும் வெட்டித்தானே போடுகிறோம், அதையே எடுக்கப் பார்க்கிறேன். உங்கள் பக்கம் உடைந்த கஜு கிலோ என்ன விலை போகிறது என்று கீழே எழுதுங்கள், நாளைக்குச் சந்தைக்குப் போக முதல் பார்த்துவிட்டுப் போகிறேன்.