தடையால் வளர்ந்து தடையால் முடங்கிய ஃபமகுஸ்தா

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சைப்ரஸ் தீவுக்குப் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பாஃபோஸ், லிமசோல், அயா நாபா கடற்கரை என்று சொல்வார்கள். அயா நாபாவிலிருந்து காரில் கிளம்பினால், பிரிந்து கிடக்கும் தீவின் தெற்கையும் வடக்கையும் இணைக்கும் சோதனைச் சாவடியில் கூட்டமில்லாத நாளில் அரை மணி நேரத்துக்குள் ஃபமகுஸ்தா வந்துவிடும். ஆனாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு காலத்தில் கிழக்கு மத்தியதரைக் கடலின் பெரும் பணக்காரத் துறைமுகங்களில் ஒன்றாக இருந்த ஊர் இது.

ஒரு துறைமுகம் தழைப்பதற்கு ஆழமான கடல் மட்டும் போதாது. எங்கோ தொலைவில் யாரோ போடும் உத்தரவு அதை வாழவைக்கும், முடக்கியும் போடும். இதை ஃபமகுஸ்தாவைப் போல வெளிப்படையாகக் காட்டும் ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

1291இல் ஆக்கர் நகரம் எகிப்தின் மம்லூக்குகளிடம் விழுந்தது. சைப்ரஸுக்குக் கிழக்கே எதிர்க்கரையில் சிலுவைப்போர்க்காரர்கள் வைத்திருந்த கடைசிப் பெரிய துறைமுகம் அதுதான். தப்பிக் கப்பலேறிய வணிகர்களும் துறவிகளும் கைவினைஞர்களும் பெருமளவில் சைப்ரஸில் கரையேறினார்கள். தீவை அப்போது லூசிஞான் என்ற பிரெஞ்சு வம்சம் ஆண்டது. அதே சமயம், மம்லூக் துறைமுகங்களோடு கிறிஸ்தவர்கள் வணிகம் செய்யக் கூடாது என்று போப்பாண்டவர் தடை விதித்தார். சரி, தடை போட்டுவிட்டால் ஐரோப்பா மிளகு இல்லாமல் இருந்துவிடுமா? நம் மலபார்க் கரை மிளகு செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். சரக்கு சுற்றுவழி தேடியது. சிரியக் கிறிஸ்தவ வணிகர்கள் எதிர்க்கரையிலிருந்து அதைத் தங்கள் படகுகளில் ஃபமகுஸ்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே கைமாறி வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் பார்சிலோனாவுக்கும் போனது. தடையை மீறாமல் மீறுவதற்கான இடமாக இந்த ஊர் அமைந்துவிட்டது.

அந்தச் செழிப்பு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சிகள் உண்டு. லம்பேர்த்தோ தி சம்புசேத்தோ என்ற ஜெனோவாக்காரர் இங்கே பத்திரம் எழுதிக்கொடுக்கும் நோட்டரியாக இருந்தார். 1296 முதல் 1307 வரை அவர் எழுதியவற்றில் பல ஏடுகள் ஜெனோவா ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. கப்பல் வாடகை, கடன் பத்திரம், பருத்தி மூட்டை, சர்க்கரை, உயில், அடிமை விற்பனை என எல்லாமே அவற்றில் உண்டு. ஆக்கரிலிருந்து அகதியாக வந்தவர்கள் இந்தக் கரையில் மறுபடி கணக்கு தொடங்குவதை அவற்றில் பார்க்கலாம். கோட்டைச் சுவர்களைவிட இந்த ஏடுகள்தாம் ஊரை உயிரோடு காட்டுகின்றன என்பது என் கருத்து. அப்புறம், 1336க்கும் 1341க்கும் இடையில் கிழக்கே சுற்றிய லுடால்ஃப் என்ற ஜெர்மானியப் பாதிரியார், எங்கள் ஊரில் ரொட்டி எப்படியோ அப்படி இங்கே நறுமணப் பொருள்கள் மலிந்து கிடக்கின்றன என்று எழுதினார். ஒரு வணிகர் மகளின் தலை அலங்கார நகைகள் மட்டுமே பிரான்ஸ் நாட்டு அரசியின் நகைகள் அத்தனையையும்விட விலை கூடியவை என்று உடன்வந்த பிரெஞ்சு வீரர்கள் மதிப்பிட்டார்களாம்.

இந்தப் பணத்தில் எழுந்ததுதான் புனித நிக்கோலஸ் பேராலயம். 1298 வாக்கில் வேலை தொடங்கியது. லூசிஞான் அரசர்கள் நிக்கோசியாவில் சைப்ரஸ் மன்னராக முடிசூடிவிட்டு, இங்கே வந்து ஜெருசலேம் மன்னராக இன்னொரு முடி சூடுவார்கள். ஜெருசலேம் கைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனாலும் சடங்கு நடந்தது. 1372இல் அப்படியொரு முடிசூட்டு விழாவில், மன்னரின் குதிரைக் கடிவாளத்தை எந்தப் பக்கம் யார் பிடிப்பது என்று வெனிஸ்காரர்களும் ஜெனோவாக்காரர்களும் முட்டிக்கொண்டார்கள். அது விருந்து மண்டபத்துக்குள் அடிதடியாகி, தெருவில் ஜெனோவாக்காரர்களின் உயிர்களும் சொத்துக்களும் பறிபோயின. அடுத்த ஆண்டே ஜெனோவாவின் கப்பற்படை வந்து ஊரைப் பிடித்துக்கொண்டது. 1464 வரை விடவில்லை.

கடிவாளச் சண்டையால் மட்டும் ஊர் சரிந்தது என்று சொல்லமாட்டேன். 1344இலேயே போப்பாண்டவர் வெனிஸுக்கு விலக்கு கொடுத்துவிட்டார். கப்பல்கள் நேராக அலெக்சாண்டிரியாவுக்குப் போக ஆரம்பித்தன. சுற்றுவழிக்குத் தேவை குறைந்தது. 1348இல் கொள்ளைநோய் வந்தது. ஜெனோவா பிடித்தபின், தீவின் வெளிநாட்டு வணிகம் முழுவதும் இந்த ஒரு துறை வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று கட்டாயம் செய்தது. வணிகர்கள் விலகிப்போனார்கள். 1394இல் வந்த மார்த்தோனி என்ற இத்தாலியப் பயணி, ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆளில்லாமல் கிடந்ததாக எழுதியிருக்கிறார்.

1489இல் தீவு வெனிஸ் கைக்குப் போனது. இன்று நாம் பார்க்கும் மதில் பெரும்பாலும் அவர்கள் தடிப்பாக்கிக் கட்டியது. சில இடங்களில் 15 மீட்டர் உயரம், 8 மீட்டர் கனம். அந்த மதிலை நம்பித்தான் 1570 செப்டம்பரில் தொடங்கிய உஸ்மானியத் துருக்கியர் முற்றுகையை மார்க்கண்டோனியோ பிரகதீன் என்ற தளபதி அடுத்த ஆகஸ்ட் வரை தாக்குப்பிடித்தார். உணவும் வெடிமருந்தும் தீர்ந்து சரணடைந்தபின், கொடுத்த வாக்கு காற்றில் போய், அவருடைய தோலை உயிரோடு உரித்தார்கள். முற்றுகையிட்ட தளபதி லாலா முஸ்தஃபா பாஷா. பேராலயம் மசூதியாகி, இப்போது அவர் பெயரில்தான் இருக்கிறது.

அந்த வாசலில் நிதானமாக நில்லுங்கள். முகப்பு முழுக்க பிரான்ஸ் நாட்டுப் பேராலயம். கல்லில் இழைத்த வட்டச் சாளரம் அப்படியே இருக்கிறது. இடப்பக்கக் கோபுரத்தின் மேல் ஒரு மினாரா. உள்ளே சிலையோ ஓவியமோ இல்லாத வெள்ளைச் சுவர்கள், தரை முழுக்கக் கம்பளம். தேவாலயம் கிழக்கு நோக்கிக் கட்டியது. மெக்காவோ தெற்கே இருக்கிறது. அதனால் தொழுபவர்கள் கட்டிடத்தின் நீளவாட்டத்துக்குக் குறுக்கே, பக்கச் சுவர் இருக்கும் திசையை நோக்கி நிற்கிறார்கள். வெளியே ஒரு முதிய அத்தி மரம். 1299இல் நட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். இரண்டு மதத்தாரும் அதன் நிழலில் நின்றிருக்கிறார்கள்.

அங்கிருந்து கிரேக்கர்களின் புனித ஜார்ஜ் ஆலயத்துக்குப் போங்கள். கூரை கிடையாது. சுவரில் பீரங்கிக் குண்டுகள் பட்ட குழிகள் இன்னும் இருக்கின்றன. கையை வைத்துப் பார்க்கலாம். 1571ஐ விளக்க எந்தப் பலகையும் வேண்டாம், அந்தக் குழிகள் போதும்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். பிரிட்டிஷார் ரயில் போட்டுத் துறையை விரிவாக்கியபின் ஊர் மறுபடி நிமிர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் தீவின் முதன்மைத் துறைமுகமும் சுற்றுலாத் தலமும் இதுதான். 1974 ஆகஸ்டில் துருக்கிப் படைகள் வந்தன. மதிலுக்குத் தெற்கே வரோஷாவில் வாழ்ந்த பல்லாயிரம் கிரேக்க சைப்ரியர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினார்கள். படை வேலி போட்டது. துறைமுகம் மூடப்பட்டதாகச் சைப்ரஸ் குடியரசு அறிவித்தது. துருக்கியோடு இன்றும் கப்பல் போக்குவரத்து உண்டு. ஆனால் உலக வணிகம் லிமசோலுக்கும் லார்னகாவுக்கும் போய்விட்டது.

அதோடு நிற்கவில்லை. துருக்கிப் படைகள் பிடித்த வடபகுதியில்தான் ஃபமகுஸ்தாவும் இருக்கிறது. அங்குள்ள வட சைப்ரஸ் நிர்வாகத்தை அங்கீகரிக்கும் நாடு துருக்கி மட்டுமே. யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலுக்கு ஓர் இடத்தைப் பரிந்துரைக்கும் உரிமை சைப்ரஸ் குடியரசுக்கு இருக்கிறது. ஊர் அதன் கையில் இல்லை. ஊரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு அந்த உரிமை இல்லை. பட்டியலில் உள்ள மூன்று சைப்ரஸ் இடங்களும் தெற்கே இருப்பவைதான். இப்படிப்பட்ட மதிலும் ஆலயங்களும் அதில் இடம் பெறாதது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. உலக நினைவுச்சின்ன நிதியம் 2008இலும் 2010இலும் ஆபத்திலுள்ள இடமாக இதைச் சுட்டிக்காட்டியது. நல்ல செய்தியும் உண்டு. கிரேக்க, துருக்கிய சைப்ரியர்கள் சேர்ந்த மரபுக் குழு ஐரோப்பிய ஒன்றிய நிதியில் வேலை செய்து, துறைமுகக் கோட்டையான ஒதெல்லோ கோபுரத்தை 2015இல் மறுபடி திறந்தது. வாசலில் வெனிஸின் சிறகு முளைத்த சிங்கம், 1492 என்ற ஆண்டோடு இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். லார்னகாவில் இறங்கி தெரிணியா சாவடி வழியாகப் போங்கள். வடக்கிலுள்ள விமான நிலையம் வழியாகத் தீவுக்குள் வருவதைக் குடியரசு சட்டவிரோதமாகக் கருதுகிறது. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக் காருக்கு வடக்கில் தனிக் காப்பீடு எடுக்க வேண்டியிருக்கும். முழுப் பகலும் மதிலுக்குள் நடப்பதற்கே வேண்டும், பக்கத்திலுள்ள பழங்கால நகரமான சலாமிஸின் இடிபாடுகளை மறுநாளுக்கு வையுங்கள். 2020 அக்டோபர் முதல் வரோஷாவின் சில தெருக்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அங்கே வாடகை சைக்கிளில் சுற்றிச் சிரித்துப் படம் எடுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கயிறு கட்டிய அந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் பலர் உயிரோடு இருக்கிறார்கள், சிலர் தெரிணியாவிலேயே, பார்க்கும் தூரத்தில்.